மாஸ்டர்ஸ் படகுப் பந்தயம்: மனத்தை விட்டுப் போகாத ஒரு நொடி (அனுபவப் பகிர்வு)

ஸ்ட்ரோக் இருக்கை:

2017, ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரி, வயதுப் பிரிவுகளாக நடக்கும் மாஸ்டர்ஸ் பந்தயம். டபுள் ஸ்கல், அதாவது இருவர் ஆளுக்கு இரண்டு துடுப்பு வலிக்கும் படகு. எனக்கு 48, அண்ணனுக்கு 57; சராசரி ஐம்பதைத் தாண்டியதால் டி பிரிவு. கூடப் பிறந்த அண்ணன் அல்ல, அடையாற்றில் எனக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். படகு போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்வோம்; நான் வேகத்தை வகுக்கும் ஸ்ட்ரோக் இருக்கையில், அவர் என் முதுகுக்குப் பின்னால் பவ் இருக்கையில். கோட்டையையும் தீவுக் கோயிலையும் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

ஸ்ட்ரோக்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பின்னால் இருப்பவரின் முகம் தெரியாது, அவர் துடுப்பு தண்ணீரில் விட்ட சுழி தெரியும். ஒவ்வொரு துடுப்பு வலிப்புக்கும் என் சுழியும் அவர் சுழியும் ஜோடியாகப் பின்வாங்கும். 1000 மீட்டர் பந்தயத்தில் 600 மீட்டர் வரை அவருடையதுதான் பெரியது, கிண்ணம் கவிழ்த்ததுபோல ஆழமாக, விளிம்பில் நுரையோடு. அதன்பிறகு அது சிறுத்தது. தேநீரில் கரண்டியைச் சுற்றி எடுத்ததுபோல ஒரு மெல்லிய வளையம், அவ்வளவுதான். மூச்சுச் சத்தமும் மாறியிருந்தது.

"அண்ணா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிமிடத்துக்கு முப்பது வலிப்பாக இருந்த வேகத்தை முப்பத்திரண்டுக்கு ஏற்றினேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவர் பின்னால் சாய்ந்து கிடந்தார். ஒரு கை இரண்டு துடுப்புப் பிடிகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது, இன்னொரு கை முஷ்டியாக நெஞ்சில். கரையில் மருத்துவர் பார்த்துவிட்டு இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, களைப்புதான் என்றார். மாலையில் அந்த ஊர் கிரீம் கேக்கை அண்ணனே வாங்கித் தந்தார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

அடையாற்றுக்காரன்:

1898-இல் தொடங்கிய சென்னை–கொழும்புப் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஐம்பது வயதில் கொழும்பின் பேரை ஏரியில் இறங்கினேன். பெலிக்கன் கூட்டம் பக்கத்திலேயே மிதந்தது. கடைசி இருபது வலிப்பில் கிராப் விழுந்து (துடுப்பு தண்ணீரில் சிக்கிக்கொள்வது), துடுப்புப் பிடி விலாவில் இடித்த வலி இன்றும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும்.

ஆனால் நண்பரே, நீங்கள் செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. பந்தயத்தில் உட்கார்ந்தவன் முடியவில்லை என்றால் அவனே சொல்ல வேண்டும். அண்ணன் சொல்லவில்லை என்றால் தொடர விரும்பினார் என்றே பொருள். நடுவில் நீங்கள் நிறுத்தியிருந்தால் அவர் உங்களை மன்னித்திருக்க மாட்டார்.

சார்லஸ் காக்ஸ்:

இதை ஏற்க முடியாது. மூச்சு முட்டுகிறவர் எப்படிச் சொல்வார்? ஒரு கையை உயர்த்தினால் பின்னால் வரும் நடுவர் படகு வந்துவிடும். அதற்குக்கூட அந்த நேரத்தில் நினைவு வராது. என்ன பிரிவானாலும் இது உயிர் சம்பந்தப்பட்டது.

நான் பாஸ்டனில் பெண்கள் எய்ட்டுக்கு (எட்டுப் பேர் வலிக்கும் படகு) காக்ஸ், அதாவது அவர்களைப் பார்த்து உட்கார்ந்து படகைத் திருப்பிக் கட்டளை சொல்லும் ஆள்; வலிப்பவர்கள் எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேல். அங்கே சார்லஸ் ஆற்றில் நடக்கும் ஹெட் ஆஃப் தி சார்லஸ் பந்தயம் மூன்று மைல். வீக்ஸ் பாலத்தின் வளைவில் பின்னால் வந்த படகுக்கு வழிவிடத் தாமதித்தேன். துடுப்போடு துடுப்பு மோதியது, பலகை முறிவது போன்ற சத்தம். எட்டுப் பேரில் எனக்கு நேராகத் தெரிவது ஸ்ட்ரோக்கின் முகம் ஒன்றுதான். அந்த அம்மா பயப்படவில்லை, கோபப்படவில்லை. நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வார்த்தை வரவில்லை. மூன்று வலிப்பு நேரம் இருக்கும்.

எழுபதை நெருங்குபவன்:

2023-இல் தென்னாப்பிரிக்காவின் ரூட்பிளாட்டில் சிங்கிள் (ஒருவர் மட்டும் வலிக்கும் படகு) ஓட்டினேன். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமான இடம், பாதித் தூரத்திலேயே காற்றுக்குத் தவித்துப்போனேன்.

எல்லாருக்கும் சொல்கிறேன். ஐம்பது தாண்டினால் பந்தயத்துக்கு முன் இதய மருத்துவரைப் பாருங்கள். ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. மட்டும் போதாது, டிரெட்மில் சோதனையும் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். போட்டி நாளில் குறைந்தது இருபது நிமிடம் உடலைச் சூடேற்றாமல் தொடக்கக் கோட்டுக்குப் போகாதீர்கள். தொடக்கத்தில் முழு வலுவையும் கொட்டிவிடாதீர்கள். 1000 மீட்டர் குறுகிய தூரம் என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம். படகில் பொருத்திய காலணியின் குதிகால் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அது நீளமாகிவிட்டால் படகு கவிழும்போது கால் வெளியே வராது. மாத்திரை சாப்பிடுபவர் கூடத் துடுப்பு வலிப்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டபுளில் முன்கூட்டியே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் "லேசா" என்று வைத்திருக்கிறோம். யார் சொன்னாலும் இருவரும் வலுவைக் குறைக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது.

அடையாற்றுக்காரன்:

அப்படி ஒரு சொல் இருந்தால் எல்லாரும் 700 மீட்டரில் அதைச் சொல்லிவிடுவார்கள்.

சார்லஸ் காக்ஸ்:

சொல்லட்டுமே!

ஸ்ட்ரோக் இருக்கை:

அடையாற்று நண்பரே, தொடர விரும்பினாரா என்று நான் கேட்கவே இல்லை, அதுதான் விஷயம். இடது பக்கம் ஒரு படகு எங்களுக்கு இணையாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் வருபவருக்குத்தான் பதக்கம். சுழி சிறுத்ததைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, "இன்னும் வேகமாக வலித்தால் ஈடுகட்டலாம்" என்பதுதான். மூன்றாவதாக வந்தோம்.

அந்தப் பந்தயத்தின் புகைப்படம் ஒன்று அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. 700 மீட்டர் பக்கம் எடுத்திருக்க வேண்டும். அவர் தலை கவிழ்ந்திருக்கிறது. என் கண்கள் தண்ணீரில், சரியாக அவர் விட்ட சுழியின் மேல் இருக்கின்றன. வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "பாருங்கள், தம்பிக்கு எவ்வளவு கவனம்" என்கிறார். போன பொங்கலுக்கும் சொன்னார்.