மறு: மோல்டட் பிளைவுட் – 'வார்ப்பு' வேண்டாமே

வணக்கம்.

அமெரிக்க அறைகலன் சொற்பட்டியலில் மோல்டட் பிளைவுட்டுக்கு 'வார்ப்பு ஒட்டுப்பலகை' என்று போட்டிருக்கிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. வார்ப்பது என்றால் ஊற்றுவது. வெண்கலம் வார்க்கலாம், தோசை வார்க்கலாம். மரத்தை எப்படி வார்ப்பது?

'வளைத்த ஒட்டுப்பலகை' போதுமே என்கிறார் நண்பர் ஒருவர். அதைப் படித்தால், கடையில் வாங்கி வந்த பலகையைப் பிறகு வளைத்தது போல இருக்கிறது. நடப்பது வேறு. தாள்போலச் சீவிய மரத்தில் பசை தடவி, அடுக்கி, அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்துகிறார்கள். ஒட்டுவதும் வளைவதும் ஒன்றாக நடக்கின்றன. அச்சைவிட்டு வெளியே வரும்போதுதான் அது பலகையே ஆகிறது.

அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1940களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் தாங்கள் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே இதற்கு ஒரு பொறி கட்டினார்கள். சூடேறும் பிளாஸ்டர் அச்சு, அதன்மேல் மர அடுக்கு, அடுக்கை அச்சோடு நெருக்க ஒரு காற்றுப்பை. காற்றடிக்கச் சைக்கிள் பம்பு! மந்திரவாதியின் சொல்லான 'கசாம்' என்பதையே பொறிக்குப் பெயராக வைத்தார்கள்.

1942இல் அமெரிக்கக் கடற்படைக்காகக் அடிபட்ட காலை அசையாமல் வைத்துக் கட்டும் சிம்பு (ஸ்ப்ளின்ட்) செய்தார்கள். போர் முடிவதற்குள் ஒன்றரை லட்சம் போலப் போயின. அதில் இருந்த துளைகள் கட்டுத்துணியை நுழைக்க மட்டுமல்ல, இரண்டு திசையிலும் வளையும் இடத்தில் மரம் வெடிக்காமல் இருக்கவும்தான். நாற்காலியிலும் இதே தொல்லை. இருக்கையையும் முதுகையும் ஒரே துண்டாகச் செய்தால் மடிப்பில் விரிசல் விட்டது. அதனால்தான் 1946இல் விற்பனைக்கு வந்த அவர்களுடைய நாற்காலியில் இரண்டும் தனித்தனி. இணைப்பில் ரப்பர் வில்லைகள்.

ஆக, பாடெல்லாம் அந்த வளைவில்தான். சொல்லில் 'வளை' இருக்கட்டும், முன்னால் 'அச்சு' சேரட்டும்: அச்சுவளை ஒட்டுப்பலகை. இன்னொரு வசதியும் உண்டு. வியன்னாவின் தோனெட் அறைகலன் நிறுவனம் 1859இல் கொண்டுவந்த நாற்காலி, முழு மரக்கட்டையை நீராவியில் இளக்கி வளைத்தது. அதை 'ஆவிவளை மரம்' என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும், குழப்பம் வராது.

அச்சு என்றதும் அச்சகம்தான் ஞாபகம் வரும் என்பீர்கள். அச்சுவெல்லம், அச்சு முறுக்கு என்று சொல்லும்போது யாரும் குழம்புவதில்லையே.

1950இல் வந்த ஈம்ஸ் தம்பதியின் கண்ணாடியிழைப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மட்டும் இது சரிப்படாது. அங்கே வளைவதற்குப் பலகை ஏது? அந்த இழையைத் தனி மடல் இழையில் வைத்துக்கொள்வோம்.