ஃபிளாட்டிடே குடும்பத்துக்கு 'இலைச்சிறகுத் தத்துப்பூச்சி'

வணக்கம் ஐயா,

ஃபிளாட்டிடே (Flatidae) என்ற பூச்சிக் குடும்பத்துக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் முன்மொழிந்த 'இலைத் தத்துப்பூச்சி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறு பூச்சிக்குப் போய்விட்டது. நெல்லிலும் பருத்தியிலும் சாறு உறிஞ்சும் சிகாடெல்லிடே குடும்பத்தை வேளாண் துறையினர் அப்படித்தான் அழைக்கிறார்கள். நாம் பேசுவதோ நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்கு உறவான பூச்சியைப் பற்றி. தலையைப் பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்: இதற்கு உணர்கொம்பு கண்ணுக்குக் கீழே இருக்கும், அதற்குக் கண்களுக்கு நடுவே.

'இலைப்பூச்சி'யும் வேண்டாம், அது குச்சிப்பூச்சி வகையறாவுக்குப் புழங்கும் பெயர். 'இலைப்போலி' என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மடகாஸ்கரில் இதே குடும்பத்து இனம் ஒன்று இளஞ்சிவப்பாக இருக்கும். தண்டில் கூட்டமாக உட்கார்ந்தால் பூங்கொத்தேதான். அதை எப்படி இலைப்போலி என்பது?

குடும்பம் முழுக்கப் பொருந்துவது சிறகுதான். போன வாரம் கிண்டியில் வேலியோரக் கொடியில் ஒன்றைப் பார்த்தேன். விரல்நகம் அளவு, வெளிர்பச்சை. அகன்ற முன்சிறகுகளை இருபுறமும் செங்குத்தாகச் சரித்து, தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. சிறகின் முன்விளிம்பு நெடுக நெருக்கமான குறுக்கு நரம்புகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகை ஒட்டிய பகுதியில் பொடிப்பொடியாகப் புடைப்புகள். இந்த நரம்பும் புடைப்பும் இந்தக் குடும்பத்துக்கே உரிய அடையாளம். விரலை நீட்டியதும் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபுறம் போனது. இன்னும் நெருங்கினேன், ஒரே தாவலில் காணாமல் போய்விட்டது.

ஆகவே என் பரிந்துரை 'இலைச்சிறகுத் தத்துப்பூச்சி'. நீளம்தான், சரி. ஆனால் 'தத்தி' என்று சுருக்கினால் பேச்சுவழக்கில் வேறு அர்த்தம் வந்துவிடும். தத்துப்பூச்சி உழவர்கள் அன்றாடம் சொல்லும் சொல், அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

அப்புறம், குஞ்சுக்குச் சிறகே இல்லையே என்று கேட்பீர்கள். அதன் வால்பக்கம் வெள்ளை மெழுகு இழைகள் விசிறியாக விரிந்திருக்கும். மாடித்தோட்டக்காரர்கள் பலர் இதை மாவுப்பூச்சி என்று நினைத்து உடனே மருந்தடித்துவிடுகிறார்கள், பார்க்க வருத்தமாக இருக்கிறது. இரண்டுமே இனிப்பான கழிவைச் சொட்டி எறும்பை வரவழைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தால் போதும்: இது துள்ளும், மாவுப்பூச்சி துள்ளாது. குஞ்சுப் பருவத்தை 'மெழுகுவால் குஞ்சு' என்று தனியே குறிக்கலாம்.

பூச்சியியல் படித்தவர்கள் யாருக்காவது மறுப்பு இருந்தால், பெயர்ப் பட்டியலில் ஏற்றுமுன் சொல்லுங்கள்.