முந்தி எவ்விடம்?

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவின் பெயர் 'கொக்குவில் வளவு'. யாழ்ப்பாணத்தில் இருக்கிற அந்த வளவில் இப்போது இருப்பது அம்மாவும் அம்மப்பாவும் நானும்தான். மற்ற எல்லாரும் கைப்பேசிக்குள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு சனி, ஞாயிறில் நடந்த கதை இது. எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். காலை வணக்கப் பூக்களையும் பெரியம்மாவின் முருகன் படங்களையும் எடுத்துவிட்டேன்.

சனி, இரவு 8:10

சின்ன மாமா (கனடா): [பலமுறை முன்னனுப்பப்பட்டது] கனடாவில் வந்து இறங்கும் அகதிக்கு மாதாமாதம் கிடைக்கும் பணம், வாழ்நாள் முழுக்க உழைத்த ஓய்வூதியக்காரருக்குக் கிடைப்பதைவிட அதிகம்! உண்மைத் தமிழன் என்றால் பத்துப் பேருக்கு அனுப்பவும்.

சின்ன மாமா: இதுதான் இப்போது இங்கத்தை நிலைமை. எல்லாம் பொய்க் காகிதத்தோடு வருகிற கூட்டம். நாங்கள் வந்த மாதிரியோ இவங்கள் வருகிறாங்கள்?

பெரியம்மா (பருத்தித்துறை): கடவுளே 🙏

ரூபன் அண்ணா (லண்டன்): நீங்கள் வந்த மாதிரி என்றால் எந்த மாதிரி மாமா? விசா குத்திக்கொண்டா வந்தீர்கள்?

ரூபன் அண்ணா: 1986 ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள்தான் தூக்கி எடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று அவர்கள் முதலில் சொன்னது பொய். உண்மையில் கப்பல் ஏறியது ஜெர்மனியில். அதற்காக அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா?

சின்ன மாமா: அது வேறு. எங்களுக்கு அங்கே சண்டை.

ரூபன் அண்ணா: இவர்களுக்கு என்ன திருவிழாவா? அன்றைக்கு வெள்ளைக்காரன் உங்களைப் பற்றிச் சொன்னதைத்தான் இன்றைக்கு நீங்கள் சொல்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

சின்ன மாமா: நாவை அடக்கிக் கதை. உன்னைத் தோளில் வைத்து நல்லூர்த் தேர் காட்டினவன் நான்.

*சின்ன மாமா வெளியேறினார்*

அம்மா: இப்ப திருப்தியோ எல்லாருக்கும்?

ரூபன் அண்ணா சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. மாமா வெளியேறியதும் அதனால்தான். பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் சரியான கதையைச் சொன்னால், கேட்பவருக்கு அது கன்னத்தில் விழுந்த அடிதான். நானும் முன்பு இப்படிக் கதைத்து ஒரு சிநேகிதியை இழந்திருக்கிறேன். ஆகவே அன்றிரவு குழுவில் ஒன்றும் எழுதவில்லை. மாமாவுக்குத் தனியாகக் கோல் எடுத்தேன்.

ஒரு மணித்தியாலம் கதைத்தார். அதில் முக்கால் மணித்தியாலம் அகதி என்ற சொல்லே வரவில்லை. மகனுக்கு முப்பத்திரண்டு வயது, வீடு வாங்க முடியவில்லை. மாமாவின் முழங்காலுக்கு விசேட வைத்தியரைக் காண மாதக்கணக்காகக் காத்திருக்கிறார். களஞ்சிய வேலையில் மணித்தியாலம் குறைத்துவிட்டார்கள். இதெல்லாம் நிசமான கவலை. இந்தக் கவலைக்குள்தான் யாரோ அந்தச் செய்தியைச் செருகிவிட்டிருக்கிறார்கள். "திரும்பி வாருங்கோ, நீங்கள் இல்லாமல் அம்மப்பா குழுவைத் திறக்கமாட்டார்" என்றேன். அது உண்மையும்கூட.

ஞாயிறு, காலை 7:30

*நீங்கள் சின்ன மாமாவைச் சேர்த்தீர்கள்*

நான்: மாமா, நேற்றைய அந்தச் செய்தியைத் தேடிப் பார்த்தேன். அதற்கு இருபது வயதுக்கு மேல். 2004இல் ஒரு ரொறன்ரோப் பத்திரிகையில் வந்த கடிதத்தைத் தவறாக விளங்கிக்கொண்டதில் பிறந்தது. புதிதாக வருபவருக்கு வீடு போட ஒருமுறை கொடுக்கும் தொகையை மாதச் சம்பளமாக எண்ணிவிட்டார்கள். கனடா அரசே தன் இணையத்தளத்தில் 'இல்லை' என்று பதில் போட்டிருக்கிறது.

நான்: அந்த உதவியும் அரசு தானே அழைத்து வருகிற அகதிகளுக்குத்தான். மாகாண வெல்ஃபேர் அளவில், கூடினால் ஒரு வருடம். விமானச் சீட்டுக் காசைக்கூடப் பலர் கடனாகத் திருப்பிக் கட்டுகிறார்கள்.

சின்ன மாமா: சரி, அது பிழை என்றே வைப்போம். மாணவர் விசா? 2024 தையில் அரசாங்கமே எல்லை போட்டது தெரியுமோ? அந்த வருடம் கிட்டத்தட்ட 360,000தான் என்று, முந்தின வருடத்தைவிட 35 சதவீதம் குறைத்து. பிரச்சினை இல்லாமலா குறைத்தார்கள்?

நான்: பிரச்சினை இருக்கிறது மாமா, இல்லை என்று சொல்லவில்லை. வீடு போதாது, அதுவும் உண்மை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு இத்தனை பேரைச் சேர்த்தது கல்லூரிகள், விசா கொடுத்தது அரசு. உங்களுக்குக் கோபம் வருவது பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற பெடியன்மேல்.

நான்: உங்கள் பேஸ்மென்டில் இருக்கிறவர்களும் படிக்க வந்தவர்கள்தானே?

(ஏழு நிமிடம் ஒன்றும் இல்லை. 'தட்டச்சு செய்கிறார்' என்று வந்து வந்து மறைந்தது.)

சின்ன மாமா: அவங்கள் மூன்று பேரும் நல்ல பஞ்சாபிப் பெடியங்கள். ஸ்நோ வழிக்கிறதே அவங்கள்தான். என்னைக் குனிய விடமாட்டாங்கள்.

மாமி (கனடா): உங்கள் மாமாவுக்குத் தெரிந்தவன் எல்லாம் நல்லவன். தெரியாதவன்தான் கள்ளன் 😄

அம்மப்பா கைப்பேசியில் எழுதமாட்டார், குரல்பதிவுதான். இரும ஒரு நிமிடம் போகும். நான் எழுத்தில் தருகிறேன்.

அம்மப்பா: தம்பி, நீ 89இல் போகும்போது ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போர்ட்டில் உன் பெயர் என்ன?

சின்ன மாமா: அப்பா, இப்ப ஏன் அது?

அம்மப்பா: யோசப். வேறொருவனின் பாஸ்போர்ட்டில் உன் படத்தை ஒட்டித் தலை மாற்றியது. அந்தப் பெயரைப் பாடமாக்க நீ இந்த விறாந்தையில் நடந்துகொண்டே 'ஐ ஆம் யோசப், ஐ ஆம் யோசப்' என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. அம்மா தாலிக்கொடியை அடைவு வைத்து அனுப்பினவள். திருநீற்றை அழித்துவிட்டுப் போ என்று அவள்தான் சொன்னாள்.

ரூபன் அண்ணா: யோசப் மாமா 😂

நான் உடனே ரூபன் அண்ணாவுக்குத் தனியாக எழுதினேன்: 'தயவுசெய்து இப்போது வாயை மூடிக்கொண்டு இரு.' சிரிப்பை அழித்துவிட்டார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்பது மட்டும் இன்னும் அங்கே கிடக்கிறது.

மாமி: நான் ஒன்று சொல்கிறேன். 91இல் நான் போய் இறங்கியபோது ரொறன்ரோவில் எக்லின்ரன் பக்கம் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் ஒன்பது பேர். ஒருநாள் கதவுக்குக் கீழால் ஒரு துண்டு வந்து கிடந்தது. உங்கள் சமையல் மணம் தாங்க முடியவில்லை, போலீசுக்கு அறிவிப்போம் என்று. அதற்குப் பிறகு மீன் பொரிக்கிற நாளில் கதவின் அடியில் ஈரத் துவாய் சுருட்டி வைப்போம். மாரியில் யன்னலும் திறக்க ஏலாது. புகையில் கண் எரிய எரியச் சாப்பிட்டிருக்கிறோம்.

மாமி: 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் கனடாவுக்கு வந்தபோது வேலையிடத்தில் எனக்கு முன்னாலேயே 'திருப்பி அனுப்ப வேண்டும்' என்று கதைத்தார்கள். என்னைத் தமிழ் என்று தெரியாமல் இல்லை, தெரிந்துதான். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

சின்ன மாமா: அதை விடு.

பெரியம்மா: எங்கள் பக்கமும் நடந்தது. 2022 மார்கழியில் வெற்றிலைக்கேணிக் கடலில் மியன்மாரின் ரோகிங்கியாச் சனம் 104 பேரோடு படகு பழுதாகி நின்றது. கடற்படை காங்கேசன்துறைக்குக் கொண்டுபோனது. குழந்தைகளும் இருந்தன. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமோ? இதுகள் இங்கேயே இருந்துவிடும், பிறகு காணி கேட்கும் என்றேன். அடுத்த முறை, 2024 மார்கழியில் வந்தது முள்ளிவாய்க்காலுக்கு. அங்கத்தைச் சனம் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடினது. அவர்களிடம் என்ன இருக்கிறது, கொடுக்க? எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

இந்த இடத்தில் எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி போட எழும்பினேன். அப்போதுதான் அம்மா எழுதினார்.

அம்மா: சரி சரி, போதும் பழங்கதை. தம்பி, பின் வீடு இன்னும் வாடகைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் வந்தது. கிளிநொச்சி. புருசன் லொறி ஓடுகிறான், அவள் கந்தோரில் வேலை, இரண்டு பிள்ளைகள். ஆட்கள் துப்புரவு. ஆனால் முந்தி எவ்விடம் என்று கேட்டேன், தாத்தா காலத்தில் பண்டாரவளைப் பக்கம் என்றாள். பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மாமி: ஏன் மச்சாள்?

அம்மா: ஏன் என்றால்? ஒழுங்கை முழுக்கக் கதைக்கும். வடக்கத்தியாருக்கு வீடு கொடுத்தது என்று.

மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த இந்திய வம்சாவளித் தமிழரை எங்கள் பக்கம் இளக்காரமாகச் சொல்வது 'வடக்கத்தியார்' என்று. எழுத்தில் பார்க்கும்போதுதான் அந்தச் சொல் எப்படிக் கிடக்கிறது என்று தெரிகிறது. வீட்டில் ஆயிரம் தரம் காதில் விழுந்திருக்கிறது. யாரும் பதில் எழுதவில்லை. முதலில் எழுதியவர் மாமா.

சின்ன மாமா: அக்கா, அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்கிறாங்கள். 35 வருடத்துக்கு மேலாக. எவ்விடம் என்பான். ஸ்காபரோ என்பேன். அது சரி, அதற்கு முந்தி எவ்விடம் என்பான். பஸ்ஸிலும் கேட்டான், வைத்தியசாலையிலும் கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கமாட்டாங்கள். சிரித்துக்கொண்டுதான்.

அம்மா: நான் சும்மா கேட்டது. எல்லாரும் கேட்கிறதுதானே.

சின்ன மாமா: அவனும் சும்மாதான் கேட்கிறான்.

அம்மப்பா (குரல்பதிவு, இந்த முறை இருமல் இல்லை): பிள்ளை, தமிழரசுக் கட்சிக்குத் தவிர வேறொன்றுக்கும் நான் புள்ளடி போட்டதில்லை. அந்தக் கட்சி ஏன் வந்தது? 48இல் பிரசாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து தோட்டத்துச் சனத்தை நாடற்றவர் ஆக்கினார்கள். தமிழ்க் காங்கிரசிலிருந்து செல்வநாயகம் பிரிந்து வந்து 49 மார்கழியில் கட்சி தொடங்கினதுக்கு அதுதான் பெரிய காரணம். பிறகு 64இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்தச் சனத்திடம் ஒரு சொல் கேட்கவில்லை. மேடையில் நான் இதைப் பேசியிருக்கிறேன்.

அம்மப்பா: 77 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்ததுகள். அப்போது எனக்குக் கிளிநொச்சியில் வயல் இருந்தது. அருவி வெட்டினது அதுகள்தான். மற்றவனுக்குக் கொடுத்த கூலியை நான் அதுகளுக்குக் கொடுக்கவில்லை. தேத்தண்ணிக்குத் தனிப் பேணி. உன் அம்மா அதைக் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்து வைப்பாள், குசினிக்குள் எடுக்கமாட்டாள். மேடையில் ஒரு கதை, கிணற்றடியில் ஒரு கதை. நானும் அப்படித்தான் இருந்தனான்.

நான்: அம்மா, அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடலாமே.

அம்மா: நீ கதைக்காதே. வெள்ளிக்கிழமை குசினி யன்னலால் பார்த்துக்கொண்டுதானே நின்றாய்? அப்போது ஏன் வாய் திறக்கவில்லை? கனடா மாமாவுக்கு என்றால் இணையத்தில் தேடித் தேடிப் பாடம் எடுக்கிறாய்.

அது உண்மை. அந்த அக்கா படலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சின்னவன் எங்கள் செவ்விளநீர் மரத்தைப் பார்த்துக் காய்களை எண்ணிக்கொண்டிருந்தான். அம்மா 'முந்தி' என்று தொடங்கியதுமே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். பருப்பைத் துழாவிக்கொண்டு நின்றேன்.

நான்: ஓம் அம்மா. பயத்தில்தான். உங்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டுமே. மாமா தூரத்தில் இருக்கிறார்.

சின்ன மாமா: நன்றாக இருக்கிறது மருமகளே 😀

அதற்குப் பிறகு அம்மா பின்னேரம் வரை கைப்பேசியைத் தொடவில்லை. மத்தியானம் சோறு போட்டார், கதைக்கவில்லை. அம்மப்பாவோடும் கதைக்கவில்லை.

ஞாயிறு, மாலை 5:42

அம்மா: அந்தப் பிள்ளை நம்பர் எழுதித் தந்த துண்டு கலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. இப்போது எடுத்தேன்.

பெரியம்மா: என்ன சொன்னாள்?

அம்மா: வீடு இன்னும் இருக்கிறது, வந்து வடிவாகப் பாருங்கோ என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு "இவரோடு கதைத்துவிட்டுப் பிறகு சொல்கிறேன் அம்மா" என்றாள்.

மாமி: சொல்லுவாள் மச்சாள்.

அம்மா: சொல்லாமலும் விடலாம். நானும் அப்படித்தானே சொன்னேன்.

ரூபன் அண்ணா: 👍

அம்மா: தம்பி, உன் பேஸ்மென்டுக்கு முற்பணம் எத்தனை மாதம் வாங்குகிறாய்?

சின்ன மாமா: முதல் மாதமும் கடைசி மாதமும். அதற்கு மேல் இங்கே கேட்க ஏலாது.

அம்மா: நான் அவளிடம் ஒரு வருடத்துக் காசு கேட்டிருந்தேன்.

சின்ன மாமா: அக்கா!

அம்மா: குறைக்கிறேன், குறைக்கிறேன். கிணற்று மோட்டாரும் இரைகிறது. அதையும் பார்க்க வேண்டும்.