டெட்டனஸ் நோயாளிக்குச் சிரைவழி டயஸிபாம்: தசை முழுவதும் தளரும் வரை கொடுக்க வேண்டுமா?

கேள்வி (செவிலியர், வட்ட மருத்துவமனை)

மூத்தோர் அனைவருக்கும் வணக்கம். காலில் முள் தைத்த சில நாள்களில் வாய் திறக்க முடியாமல் வந்த ஒரு விவசாயிக்கு, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வரை எங்கள் அவசரப் பிரிவில் டயஸிபாம் (தசையைத் தளர்த்தி உறக்கம் தரும் மருந்து) கொடுத்துக் கவனித்தோம். 5 மி.கி. கொடுத்த பிறகும் அவருடைய வயிறு பலகை போலவே இருந்ததால், "இன்னொரு ஊசி போடுங்க சிஸ்டர்" என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். பணியிலிருந்த மருத்துவரோ பொறுத்திருக்கச் சொன்னார். விறைப்பு முழுவதும் நீங்கும் வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது சரியா? மேலும், எரிச்சல் குறையட்டும் என்று ஆம்ப்யூலை (ஊசி மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியை) 10 மி.லி. சலைனில் கலந்தபோது மருந்து வெள்ளையாகக் கலங்கியதால் அதைக் கொட்டிவிட்டோம். அதன் காரணத்தையும் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (மயக்கவியல் மருத்துவர்)

பொறுத்திருக்கச் சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். தசையை அடக்கிவைக்கும் நரம்பு வேதிப்பொருள்களான காபா, கிளைசின் ஆகியவை நரம்பு முனைகளிலிருந்து வெளிவராமல் டெட்டனஸ் நச்சு தடுக்கிறது. டயஸிபாம் அந்த நச்சை அகற்றுவதில்லை. மிச்சமிருக்கும் காபாவின் செயலை மட்டுமே வலுப்படுத்துகிறது. ஆகவே அடிப்படை விறைப்பு முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்த்து மருந்தை ஏற்றினால், வயிறு தளர்வதற்கு முன்பே மூச்சு தளர்ந்துவிடும். மூச்சைத் தடுக்கும் இசிவுகள் அடங்கி, கூப்பிட்டால் நோயாளி கண் திறக்கிறார் என்றால் அந்த அளவு போதும். சற்று விறைப்பு எஞ்சியிருந்தால் இருக்கட்டும்.

பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 5 மி.கி.க்கு மேற்படாத வேகத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செலுத்துங்கள். முந்தைய அளவின் விளைவைப் பார்க்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), ஆக்சிஜன், சக்ஷன் (சளி, எச்சிலை உறிஞ்சும் கருவி) ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருந்த பிறகே ஆம்ப்யூலை உடைக்க வேண்டும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவிடும் கருவி 98 என்று காட்டிக்கொண்டேயிருக்க, மூச்சு மட்டும் குறைந்துகொண்டு போகலாம் என்பதால், எண்ணை நம்பாமல் மேல்வயிற்றில் கை வைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். வலிக்காக மார்ஃபின் வகை மருந்தும் கொடுத்திருந்தால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

பதில் 2 (மருந்தாளுநர்)

டயஸிபாம் தண்ணீரில் கரைவது மிக அரிது. 2 மி.லி. ஆம்ப்யூலில் உள்ள 10 மி.கி. மருந்தைப் புரோப்பிலீன் கிளைக்காலும் ஆல்கஹாலும்தான் கரைத்து வைத்திருக்கின்றன. சிறிதளவு சலைன் சேர்ந்ததும் அந்தப் பிடி தளர்ந்து மருந்து படிந்துவிடுகிறது. நீங்கள் கொட்டியது சரியே. கலக்காமல், முழங்கைப் பக்கமுள்ள பெரிய சிரையில், வென்ஃப்ளானுக்கு (சிரையில் செருகிய ஊசிக்குழலுக்கு) மிக அருகிலிருந்து செலுத்துங்கள். புறங்கைச் சிறு சிரைகளில் செலுத்தினால் வீங்கிச் சிவந்து கெட்டியாகிவிடும். பி.வி.சி. குழாயும் இந்த மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். தொடர் சொட்டாகக் கொடுக்க நேர்ந்தால், இதே வகையைச் சேர்ந்த மிடசோலம் நல்லது. ஆனால் அது மி.லி.க்கு 1 மி.கி., 5 மி.கி. என இரு செறிவுகளில் வருவதால், ஆம்ப்யூலின் எழுத்தை இருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மூச்சு குறைந்துவிட்டால், டயஸிபாமின் முறிவு மருந்தான ஃபுளூமாசெனில் கொடுக்கலாமா?

பதில் 3 (தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்)

முதலில் அம்பு பேக். முறிவு மருந்து அப்புறம்தான், சகோதரி. ஃபுளூமாசெனில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். டயஸிபாமும் அதிலிருந்து உண்டாகும் டெஸ்மெதில்டயஸிபாமும் நாள்கணக்கில் உடலில் தங்கும். ஆகவே விழித்தவர் மறுபடி மயங்குவார். டெட்டனஸில், அடங்கியிருந்த இசிவையே அது திரும்ப அழைத்து வந்துவிடவும் கூடும்.

அளவு கூடிக்கொண்டே போகிறது என்றால், அடுத்த ஊசியைவிடச் சுவாசப் பாதையைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். குரல்வளை இசிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் எங்கள் பிரிவில் டிரக்கியாஸ்டமியை (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு வழி செய்வதை) தள்ளிப்போடுவதில்லை. மெக்னீசியம் சல்ஃபேட்டும் கைகொடுக்கும். 2006இல் வெளியான வியட்நாம் ஆய்வில் அது மிடசோலத்தின் தேவையைக் குறைத்தது, ஆனால் வென்டிலேட்டரின் தேவையைக் குறைக்கவில்லை. அதைக் கொடுக்கும்போது முழங்கால் அனிச்சையைச் சோதித்துக்கொண்டேயிருக்க வேண்டும்.

இன்னொன்று: 108இல் ஏற்றும்போது, கொடுத்த ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு பரிந்துரைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். "டயஸிபாம் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதிய கடிதங்கள் வாரந்தோறும் எங்களிடம் வருகின்றன. அதை வைத்துக்கொண்டு அடுத்த அளவை எங்களால் தீர்மானிக்க முடிவதில்லை.