பழைய மொபெட்டுக்கு 70 சிசி கிட்: எஞ்சினைப் பிரிக்காமல் மாட்டலாமா?

புகைராசா:
மணிக்கு 45 கி.மீ.க்கு மேல் போகாதபடி கட்டிப்போட்ட பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 70 சிசி சிலிண்டர் கிட், பெரிய கார்புரேட்டர், எக்ஸ்பான்ஷன் சைலன்சர் மூன்றையும் ஒரேயடியாக மாட்டப் போகிறேன். ஓடுகிற எஞ்சினை எதற்கு அடிவரை பிரிக்க வேண்டும்?

கிரீஸ்கை:
ஓடுகிறது என்பதெல்லாம் ஒரு கணக்கா தம்பி? கிராங்க் ஆயில் சீல், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டின் இரு பக்கமும் காற்றும் ஆயிலும் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், எவ்வளவு பழசு? ரப்பர் இறுகிப்போனால் மேக்னெட் பக்கத்து சீல் வழியாகக் காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். கியர் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகைக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் இறங்க மாட்டேன் என்கிறதா, கவனி.

ஜெட்தாசன்:
சும்மா பயமுறுத்தாதீர்கள். 40 மி.மீ. பிஸ்டன் 47 ஆகிறது, ஸ்ட்ரோக் அதே 39 சொச்சம். 49 சிசி 68 ஆகும், அவ்வளவுதான். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகுதான் மெயின் ஜெட்; அதைப் பெரியதில் தொடங்கிப் படிப்படியாக இறக்கு. முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார். பீங்கான் பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் ஜெட் சின்னது. கரியும் ஈரமுமாக இருந்தால் பெரியது.

கிரீஸ்கை:
வெளுத்தது ஜெட்டாலா சீலாலா என்று பிளக் சொல்லுமா? பெரிய ஜெட் போட்டுக் கசிவை மறைக்கலாம், முழு வேகத்தில் நன்றாகவும் ஓடும். அப்புறம் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியதும் மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் வராது, சீல் வழியாகக் காற்று மட்டும் வந்துகொண்டே இருக்கும். அங்கேதான் சீஸ் ஆகும்.

பிரேக்நேசன்:
இரண்டு பேரும் எஞ்சினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். 45 இல் நிற்பதைவிட 70 இல் நிற்க ஏறக்குறைய இரண்டரை மடங்கு தூரம் வேண்டும். அந்தக் குட்டி டிரம் பிரேக் 45க்குச் செய்தது. கூடவே, பதிவில் 50 சிசி என்று இருக்கும் வண்டி 70 சிசியோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கலாம்.

புகைராசா:
அப்போ சைலன்சரை மட்டும் மாற்றினால்?

ஜெட்தாசன்:
உன் வண்டிக்கு கியர் இருக்கிறதா, ஒரே கியரும் தானியங்கி கிளட்சுமா? அதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. எக்ஸ்பான்ஷன் சைலன்சரில் எக்ஸாஸ்ட் அலை கூம்பில் மோதித் திரும்பி, வெளியே நழுவிய புதுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ளும். ஆனால் குழாயின் நீளத்துக்குப் பொருந்திய ஆர்பிஎம்மில் மட்டும்தான். கியர் இருந்தால் அங்கேயே பிடித்து வைக்கலாம். ஒரே கியர் என்றால் கிளம்பும்போது இழுவையே இருக்காது, சிக்னலில் மிதிவண்டி முந்திவிடும்!

கிரீஸ்கை:
இதில் மட்டும் ஜெட்தாசனோடு ஒத்துப்போகிறேன். சீல் விஷயத்தில் இல்லை.

புகைராசா:
ஒரே கியர்தான் அண்ணா. சரி, சைலன்சர் இப்போதைக்கு வேண்டாம். பிரிப்பதற்கு முன் சீலை மட்டும் சோதிக்க வழி உண்டா?

கிரீஸ்கை:
கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி இரண்டு வாயையும் அடைத்துவிடு. பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவு. குமிழி வந்தால் பிரித்தே ஆக வேண்டும்.

ஜெட்தாசன்:
0.4 பார் அழுத்தம் போதும். டயருக்கு அடிப்பது போல அடித்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும், அப்புறம் கிரீஸ்கை சொன்னதே சரி என்று ஆகிவிடும்.