கங்காணி வேண்டாம்: மணிக்கட்டில் கட்டும் கருவிக்கு ஒரு சொல்

வணக்கமுங்க.

உடம்பில் அணிகிற கருவிக்கு (wearable) அணினி, அணிகணினி, உடலணி, காப்பு என்று நம் மடற்குழுவில் நான்கு நாளாக ஓடுகிற இந்த இழையை இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். கோவை அக்கா முதல் மடலில் கேட்டது சின்ன உதவி. இருமுனையப் பிறழ்வு (பைபோலார், அளவு மீறிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் வந்து போகிற மனநோய்) உள்ளவர்களின் வீட்டாருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு துண்டறிக்கை போடுகிறார்கள், அதில் மணிக்கட்டில் கட்டுகிற அந்தக் கருவியை என்ன சொல்லி எழுதுவது என்று கேட்டார். நாம் அதை விட்டுவிட்டு அணினி இலக்கணப்படி சரியா என்பதில் போய் உட்கார்ந்துவிட்டோம். சேலத்தில் 1916இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் வைத்து இதழும் நடத்தினார்கள், நூறு வருடம் தாண்டியும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஓரியாட்டம் தீரவில்லை. சரி, நானும் ஒரு வாய் பேசிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உணரி என்றால் உணர்வது, இயக்கி என்றால் இயக்குவது. அந்தக் கணக்கில் அணினி என்றால் அணிகிற ஆள்தான், கருவி அல்ல. கணினியோடு ஓசை ஒத்துப்போகிறது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அணிகருவி பரவாயில்லை. வினைத்தொகை, அணிந்த, அணிகிற, அணியும் என்று மூன்று காலமும் அதற்குள் அடக்கம் (எங்கள் வீட்டில் முதலில் வாங்கியது இரண்டே மாதத்தில் இறந்தகாலத்துக்குப் போய்விட்டது, வியர்வையில் அரிக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்த என் தம்பி அப்புறம் தொடவேயில்லை). பொதுச்சொல்லாக அதுவே இருக்கட்டும்.

என் சண்டை யாரும் சண்டை போடாத சொல்லோடு. எல்லா மடலிலும் 'மனநிலை கண்காணிப்பு அணிகருவி' என்றே வருகிறது. அதில் மனநிலையும் தப்பு, கண்காணிப்பும் தப்பு.

இதை எங்கள் வீட்டு அனுபவத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். என் தம்பிக்கு இந்த நோய் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. அவனிடம் கேட்டுவிட்டு, எழுதியதை அவனுக்குக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

முதலில் மனநிலை. கருவி மனநிலையைப் பார்ப்பதே இல்லை. உள்ளே ஒரு முடுக்கமானி, அது கை அசைவதை எழுதிக்கொள்கிறது. அடியில் பச்சையாக மின்னுகிறதே, அந்த விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு விழுங்கியது, மீதி எவ்வளவு திரும்பியது என்று பார்த்து நாடித்துடிப்பைக் கணக்குப் போடுகிறது. விலை கூடினவற்றில் சிலது தோலின் சூட்டையும், வியர்வையால் தோலில் மின்சாரம் பாய்வது மாறுவதையும் பார்க்கும். இவ்வளவுதான். எப்போது படுத்தார், எவ்வளவு நேரம் தூங்கினார், பகலில் எவ்வளவு நடமாடினார் என்பது இதிலிருந்து வரும். அதற்கு மேல் மனசைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம். தம்பி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் நாலாயிரம் அடி நடந்ததாக ஒருநாள் கணக்கு வந்தது. இன்னொரு சமயம், சோர்வு பிடித்துக் கிடந்த காலத்தில், விடிய விடிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தான். கருவியோ ஒன்பது மணி நேரம் நன்றாகத் தூங்கினீர்கள் என்று பாராட்டியது. கை ஆடாவிட்டால் தூக்கம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பாராட்டைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

அதற்காகக் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுச்சி ஏறும்போது (மேனியாவைத்தான் சொல்கிறேன், பித்து, வெறி என்று எழுதினால் வீட்டார் அறிக்கையை மடித்துப் பரண் மேல் போட்டுவிடுவார்கள், எழுச்சி என்றே எழுதுங்கள்) தூக்கம் குறைவது மட்டுமில்லை, தூக்கமே தேவைப்படாதது போல் இருக்கும். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வெள்ளென எழுந்து, அலுப்பே இல்லாமல் ஒரே நாளில் நாலு தொழில் தொடங்கக் கிளம்புவார்கள். மருத்துவர்கள் எழுச்சி என்று முடிவு கட்டப் பொதுவாக அறிகுறிகள் 7 நாளாவது நிற்க வேண்டும், அதைவிட லேசான மென்எழுச்சிக்கு 4 நாள், சோர்வுக்கு 2 வாரம். ஒரு ராத்திரிக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நாட்கள் வரிசையாகப் போகிற போக்கைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் டாக்டர் 'போன வாரம் எப்படித் தூங்குனீங்க?' என்று கேட்டால் 'நல்லாத் தூங்குனனுங்க' என்பதுதான் எல்லாருடைய பதிலும். ஏறிக்கொண்டிருக்கிறவருக்கு, தான் ஏறுவது தெரியாது. அந்த இடத்தில் இரண்டு வாரத் தூக்கக் கணக்கை வரைந்த கோடு ஒன்று கையில் இருந்தால் பேச ஒரு பிடி கிடைக்கிறது. அதுவும் அவருடைய பழைய நாட்களோடு ஒப்பிட்டால்தான். நைட் சிப்டு போகிற ஆளையும் பகலில் கடை வைத்திருக்கிற ஆளையும் ஒரே அளவுகோலில் அளந்தால் மில்லில் பாதிப் பேருக்கு எச்சரிக்கை அடிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் பங்குனியில் ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் பண்டிகை. கம்பம் நட்ட பிறகு தம்பி மூன்று ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆடிவிட்டு விடியற்காலையில்தான் வீட்டுக்கு வந்தான். கோடு சடாரென்று கீழே விழுந்தது. இப்போது இது பண்டிகையால் கெட்ட தூக்கமா, எழுச்சியின் தொடக்கமா? கருவியால் சொல்ல முடியாது, எங்களாலும் முடியவில்லை. இந்த நோயில் தூக்கக் கேடு அறிகுறியும்தான், காரணமும்தான், பண்டிகைக்காக விழித்ததே எழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும். நல்லவேளை, அவனே கோட்டைப் பார்த்துவிட்டு நாலாம் நாள் பத்து மணிக்கெல்லாம் படுத்தான், காலையில் டாக்டருக்கும் போன் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. பார்த்தவன் அவன் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதனால்தான் கண்காணிப்பு ஆகாது என்கிறேன். வால்பாறைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த யாரிடமாவது கங்காணி என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள். கண்காணி மருவித்தான் கங்காணி, கூலியாட்களை வேலை வாங்குகிற மேற்பார்வைக்காரர். இந்த நோய் உள்ளவரை ஏற்கெனவே வீடே கண்காணிக்கிறது. கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் அம்மா மாத்திரை டப்பாவை எண்ணுகிறார், புதுச் சட்டை எடுத்தால் அண்ணன், அதாவது நான்தான், ஏடிஎம் கார்டைத் தேடுகிறேன். இதில் மணிக்கட்டிலும் ஒரு கங்காணியா?

கோபி ஐயா சொன்ன காப்பு அழகான சொல். போகியன்று வேப்பிலையும் ஆவாரையும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டுத்தரையிலும் வாசலிலும் காப்புக் கட்டுகிற நமக்கு அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். கையில் கட்டும் அணி என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் காக்கிறது என்று பெயர் வைத்துவிட்டால், கட்டிவிட்டோமே, இனி ஏன் மாத்திரை என்று கேட்க வீட்டுக்கு ஒருவர் இருப்பார். இன்னொன்று, காப்புக் கட்டினவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது.

நான் சொல்வது 'போக்கு'. நோய் ஏறத் தொடங்கும்போது வீடுகளில் சொல்வதே 'இவன் போக்கே சரியில்லை' என்பதுதான். வரைபடத்தில் கோடு போகிற போக்குக்கும் அதே சொல் பொருந்துகிறது. திசைகாட்டி, நாள்காட்டி போலப் போக்குக்காட்டி என்று முதலில் போட்டேன். தம்பி படித்துவிட்டு, 'டாக்டருக்கே போக்குக் காட்டறதா?' என்றான். அப்படியும் சில நாள் காட்டத்தான் செய்கிறது, ஆனாலும் வேண்டாம். 'போக்கறி பட்டை' எப்படி? எச்சரிக்கை என்று வருகிற இடத்தில் 'முன்சேதி' போடலாம்.

- பெருந்துறையிலிருந்து

*

பெருந்துறைத் தம்பிக்கு,

காப்பை நீங்கள் தள்ளியதில் எனக்கு வருத்தமில்லை, ஊர் எல்லை விஷயத்தை நான் யோசிக்காமல் விட்டது உண்மை. ஆனால் உங்கள் சொல்லிலும் அதே கோளாறுதான். போக்கறி என்றால் போக்கை அறிவது. அது அறிவதில்லை என்று நீங்களே அரைப் பக்கம் எழுதிவிட்டுப் பெயரில் மட்டும் அறிவைக் கொடுக்கிறீர்களே? அது எழுதி வைக்கிறது, அறிய வேண்டியவர் கட்டிக்கொண்டவரும் மருத்துவரும். ஆகவே ஏடு என்று வர வேண்டும். போக்கு, ஏடு, போக்கேடு.

இன்னொன்று. பட்டை என்றதும் எங்கள் ஊரில் சாராயம்தான் முதலில் நினைவுக்கு வரும். 'பட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கவும்' என்று அறிக்கையில் அச்சாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

பிறழ்வு என்பதையும் ஒருநாள் பேச வேண்டும். இருமுனை என்று 1957இல் ஜெர்மன் மனநல மருத்துவர் கார்ல் லியோன்ஹார்ட் பிரித்துச் சொல்வதற்கு முன் அந்த ஊர் மருத்துவர்கள் இதைப் பைத்திய வகைகளில் ஒன்றாக எழுதியதுண்டு. பெயரில் ஒரு முள்ளை எடுத்தார்கள், நாம் தமிழில் இன்னொன்றைச் செருகிவிட்டோம். அது தனி இழைக்கு.

- கோபியிலிருந்து

*

ஐயாவுக்கு வணக்கம், போக்கேடு என்று நீங்கள் எழுதியதை நான் வாய்விட்டுப் படித்தேன், பக்கத்தில் இருந்த பொண்ணு 'போ, கேடுங்கறீங்களாக்கா?' என்று கேட்டுவிட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் யாரும் அணிகருவி என்றோ போக்கறி என்றோ சொல்லப்போவதில்லை, 'வாட்ச்' என்பார்கள், இல்லாவிட்டால் 'பேண்டு'. அதில் எனக்குக் குறையில்லை. எனக்குப் பயம், 'வாட்ச் நல்லா இருக்குதுன்னு சொல்லுது, அதான் ரத்தம் குடுக்க வரலைங்க' என்பவர்களைப் பார்த்துத்தான். இந்த நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் என்ற சின்ன இடைவெளிக்குள் நிற்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. சித்திரை வெயிலில் வேலை செய்து வேர்த்துக் கொட்டி, தண்ணீர் போதாமல் போனால் மாத்திரை அதேதான், அளவு மட்டும் ஏறிவிடும். கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். எந்த வாட்சும் லித்தியம் அளவைச் சொல்லாது. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் கொடுத்துப் பார்த்த அந்த மருந்துக்கு இன்றைக்கும் ஊசி போட்டு ரத்தம் எடுத்துத்தான் பார்க்கிறோம். இதைப் பெயருக்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அந்தக் கோடு யார் போனுக்குப் போகிறது என்பதையும் எழுதுங்கள். 2017 மனநலச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது, அது எங்களுக்கு. வீட்டில் மாமியார் போனிலும் ஒறம்பரை (சொந்தக்காரர்) குரூப்பிலும் போய் விழுந்தால் யார் கேட்பது? ஒரு பெண் தன் கணவர் தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்துவிட்டு 'மூணு மணிக்கு எதுக்கு எந்திரிச்ச?' என்று கேட்பதாகச் சொல்லி, கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முன்சேதி நன்றாக இருக்கிறது. எச்சரிக்கை என்றால் அதைப் பார்த்தே ஒரு ராத்திரித் தூக்கம் போய்விடும்.

- திருப்பூரிலிருந்து

*

ஐயா, அறி போகட்டும், ஒத்துக்கொள்கிறேன். வெறும் 'போக்குப் பட்டை', எதையும் அறிவதாகவோ காப்பதாகவோ சொல்லிக்கொள்ளாது. அதிலிருந்து வருகிற கோட்டுக்குப் 'போக்குப் பதிவு'. ஏடு என்ற உங்கள் கருத்து பதிவில் வந்துவிட்டது, கேடு மட்டும் வரவில்லை. சாராயப் பயத்துக்கு முதல் தடவை 'மணிக்கட்டுப் போக்குப் பட்டை' என்று முழுசாகப் போட்டுவிடலாம். திருப்பூர் அக்கா சொன்ன லித்தியம் வரியை மேலேயே வைத்துவிட்டேன், அவசரத்துக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416 அதற்குக் கீழே. கோடு யார் போனுக்குப் போக வேண்டும் என்பதைக் கட்டிக்கொள்கிறவரே முடிவு செய்வார் என்று தனி வரி எழுதியிருக்கிறேன், அந்தப் பெண்ணின் கதையைக் கேட்டபிறகு அதைத் தடித்த எழுத்தாக்கினேன்.

கோவை அக்கா, வரைவை நாளைக்கு அனுப்புகிறேன். ஒரே ஒரு இடம் இன்னும் முடியவில்லை. வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்ற பத்தியில் 'அவருக்குப் பட்டையைக் கட்டிவிடுங்கள்' என்று எழுதியிருந்தேன். பிறகு நானே 'கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்' என்று மாற்றினேன். தம்பி அதையும் அடித்துவிட்டு ஓரத்தில் பேனாவால் எழுதித் தந்திருக்கிறான்: 'கட்டிக்கொள்கிறாரா என்று கேளுங்கள்.'

- பெருந்துறையிலிருந்து