ஸ்விட்ச் டிவியில் திணறுது, கையில் பரவாயில்லை: கார்டா, சூடா?

ஈசூன்வாசி: 2017 நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல், செகண்ட் ஹேண்ட். 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கார்ட்ரிட்ஜ். டாக்கில் (டிவியோட இணைக்கிற ஸ்டாண்ட்) போட்டால் புல்வெளியிலும் ஊருக்குள்ளும் படம் இழுக்குது. கையில் எடுத்தால் பரவாயில்லை. வீவக (எச்டிபி) வீட்டு ஹால், டாக் டிவி அலமாரிக்குள்ளே. கடையில் வேகமான எஸ்டி கார்டு வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?

பிக்சல்மாமா: வாங்காதீங்க. கார்ட்ரிட்ஜிலிருந்து ஓடுற கேமுக்கு கார்டு என்ன செய்யும்? கார்டு மெதுவா இருந்தால் லோடிங் நேரம்தான் நீளும்.

தேக்காடெக்: அலமாரிதான் காரணம்னு நினைக்கிறேன். நிண்டெண்டோ சொல்ற வரம்பு 5 முதல் 35 டிகிரி. நம்ம ஊர் மதியத்தில் மூடின அலமாரிக்குள்ளே அது சுலபமா தாண்டிடும்.

பிக்சல்மாமா: டாக்கை வெளியே எடுக்கிறது நல்லதுதான், மேலே சூடு வெளியேறுற துளையை எதுவும் மறைக்கக் கூடாது. ஆனா சூடு காரணம்னா ஆரம்பத்தில் சரியா ஓடி, போகப்போகத்தான் கெடணும். ரொம்ப மிஞ்சினால் எச்சரிக்கை காட்டி ஸ்லீப் மோடுக்குப் போயிடும். ஆறிப்போன மெஷினை டாக்கில் வெச்சு முதல் ஐந்து நிமிஷத்திலேயே இழுக்குதான்னு பாருங்க.

தேக்காடெக்: டாக்கில் ஜிபியு (படம் வரையுற பகுதி) 768 மெகாஹெர்ட்ஸ், கையில் 384. இரட்டிப்பு வேகம் இருந்தும் டாக்கில் மோசமா ஓடினா வேற என்ன காரணம்?

பிக்சல்மாமா: மெமரி. டாக்கில் 1600×900, கையில் 1280×720. பிக்சல் 1.56 மடங்கு கூடுது. மெமரி டேட்டா அனுப்புற வேகமோ நொடிக்கு 21.3 ஜிபியிலிருந்து 25.6 ஜிபிதான், 1.2 மடங்கு. ஜிபியு எவ்வளவு வேகமா இருந்தாலும் டேட்டா வரணுமே! புல், மூடுபனி, ஒளி ஊடுருவுற எஃபெக்ட் எல்லாம் ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்ப எழுதும், அங்கேதான் மாட்டும். சிபியு (கேமோட கணக்கெல்லாம் போடுற பகுதி) இரண்டிலும் அதே 1020 மெகாஹெர்ட்ஸ். அதனால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு இழுத்தால் முதல் சந்தேகம் சிபியு.

ஈசூன்வாசி: ஆறின மெஷினிலும் உடனே இழுக்குது. கொஞ்சம் கொஞ்சமா இல்லை, நொடிக்கு 30 ஃபிரேமிலிருந்து ஒரேயடியா 20க்கு விழுற மாதிரி இருக்கு.

பிக்சல்மாமா: அது வி-சிங்க், அதாவது டிவி திரையைப் புதுப்பிக்கிற சுற்றோட ஃபிரேமைச் சேர்த்துக் காட்டுறது. ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிசெகண்ட். 34 ஆனாலும் டிவியோட அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து 50இல்தான் திரைக்கு வரும். அதுதான் 20. சரி, கேம் எந்த வெர்ஷன்? ஹோம் மெனுவில் கேம் மேலே நின்று பிளஸ் பட்டன் அழுத்துங்க.

ஈசூன்வாசி: 1.0.0!

பிக்சல்மாமா: அடப்பாவமே. டாக் இழுவையைக் குறைக்கிற 1.1.1 அப்டேட் 2017 மார்ச்லயே வந்தாச்சு. அதே பக்கத்தில் சாஃப்ட்வேர் அப்டேட், பிறகு இன்டர்நெட் வழியா. இப்போ கிடைக்கிற வெர்ஷனில் லோடிங்கும் வேகம், அந்த நேரத்துக்கு மட்டும் சிபியு 1785 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறும்.

ஈசூன்வாசி: போட்டாச்சு, ஊருக்குள்ளே நல்லா ஓடுது. கேமில் வர்ற கோரோக் காடு மட்டும் இன்னும் இழுக்குது.

பிக்சல்மாமா: அது இந்த சிப்போட எல்லை. 2019 ஸ்விட்ச் மாடலோ ஓஎல்இடி மாடலோ வாங்கினாலும் அங்கே அதே கதைதான், கேமுக்கு அதே வேகம்தான் கிடைக்கும்.

தேக்காடெக்: ஓவர்கிளாக் பண்ணி சிப் வேகத்தை ஏத்தினா?

பிக்சல்மாமா: அதுக்கு மாத்தின சிஸ்டம் சாஃப்ட்வேர் போடணும், ஆன்லைன் தடை வரலாம். ஒரு காட்டுக்காக வேண்டாம்.